கோப்பும் கயிறும்

தமிழில் புத்தகத்திற்கு வழங்கும் பழைய பெயர் நூல் என்பது. ஆடை நெய்ய உதவும் இழைக்கும் அதுவே பெயர். இவ்விரண்டிற்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கப் புகுந்த நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர், சொற்களைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் உருவகம் செய்து, நூற்கும் தொழிலுக்கும் இயற்றும் தொழிலுக்கும் உள்ள ஒப்புமையைக் காட்டிச் சென்றார். நம் காலத்தில், கணிப்பொறியில் சேமித்து வைக்கும் எழுத்துத் தொகுதிக்குக் கோப்பு என்று பெயரிட்டவர்கள் முனிவரை நினைத்தார்களோ இல்லையோ, அந்தச் சொல்லும் பூவையும் மணியையும் கோத்தல் என்னும் வினையினின்று பிறந்ததே ஆகும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ஃபைல் என்ற சொல்லின் மூலத்தைத் தேடிச் சென்றாலும், இழை என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லிலேயே போய் நிற்கிறோம். காகிதங்களைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைத்த பழைய கச்சேரி வழக்கமே, கடல் கடந்த இரண்டு பாஷைகளிலும் ஒரே விதமான சொல்லைத் தோற்றுவித்தது.

ஆயினும் இதில் ஒரு விசித்திரம் உண்டு. கணிப்பொறிக் கோப்பு பெயரளவில் கோத்த பொருளே ஒழிய, உண்மையில் அது கோக்கப்படாத தனி மணி. பெரிய நூல் ஒன்றை இயற்றப் புகும் ஆசிரியர் முகவுரைக்கு ஒரு கோப்பு, அத்தியாயத்திற்கு ஒரு கோப்பு, அநுபந்தத்திற்கு ஒரு கோப்பு என்று தனித்தனியே எழுதி வைக்கிறார். இது தலைப்பு, இது அடிக்குறிப்பு, இது சாய்ந்த எழுத்து என்று உணர்த்தும் சில எளிய குறிகளைத் தவிர வேறு அலங்காரம் எதுவும் அந்த எழுத்தில் இராது. எழுதி முடித்தபின் அச்சுக்கோ மின்னூலுக்கோ ஏற்ற உருவத்தில் அவற்றை வெளியேற்றும் காரியத்திற்கு, கப்பல் வாணிபத்தினின்று கடன் வாங்கிய பெயராகிய ஏற்றுமதி என்பது வழங்குகிறது. அந்தத் தருணத்தில் பல கோப்புகளும் ஒரே நூலாகிவிட வேண்டும். எது முன், எது பின் என்பதை அப்போது அறிந்திருப்பவர் யார்? அந்த அறிவு எவ்விடத்தில் எழுதப்பட்டிருக்கிறது? இந்த வினாவுக்கு 60 ஆண்டுகளுக்கு மேலாக அளிக்கப்பட்டு வந்த விடைகளே இக்கட்டுரையின் பொருள்.

வினா மட்டும் கணிப்பொறியைவிட மிகப் பழையது. ஏட்டுச் சுவடியில் இரண்டு துளைகள் இட்டு, ஒன்றில் நாராசம் என்னும் கம்பியைச் செருகி, மற்றொன்றில் கயிற்றைக் கோத்துக் கட்டிய நம் முன்னோர்கள், ஏட்டின் ஓரத்தில் எண்ணும் இட்டு வைத்தார்கள். கயிறு அறுந்தாலும் எண் காக்கும். ஓரம் முறிந்து எண் போனாலும் கயிறு காக்கும். இரண்டும் போய்விட்ட சுவடி எத்தகைய துன்பம் தரும் என்பதை, ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த பெரியோர்கள் நன்கு அறிவார்கள்.

எண்ணும் கயிறும் இன்றியே வரிசையைக் காக்கும் உபாயம் ஒன்றும் தமிழ்ப் புலவர்களிடம் இருந்தது. ஒரு பாட்டின் இறுதியை அடுத்த பாட்டின் முதலாக அமைக்கும் அந்தாதித் தொடையையே சொல்கிறேன். நம்மாழ்வார் அருளிய திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் இவ்வாறு ஒன்றன் வாலை ஒன்று பற்றி நிற்பதால், இடையில் ஒன்றை எடுத்து வேறிடத்தில் வைத்துவிட ஒருவராலும் இயலாது. வரிசை இங்கே பாட்டுக்கு வெளியே ஓர் எண்ணாக இல்லை. பாட்டின் உடம்பிலேயே கலந்திருக்கிறது.

ஐரோப்பிய அச்சுக்கூடத்தார் தனி வழியில் சென்று இதே இரண்டு உபாயங்களையும் கண்டடைந்தனர். ஒரு பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதற்சொல்லைச் சிறிதாக அச்சிட்டு வைத்த அவர்கள் வழக்கம், நம் அந்தாதிக்கு மிக நெருங்கிய உறவுடையது. மடித்த தாள்தொகுதியாகிய ஃபாரம் ஒவ்வொன்றிற்கும் ஓர் எழுத்தை அடையாளமாக இட்டது, ஏட்டின் எண்ணுக்கு ஒப்பானது. இவற்றோடு அவர்கள் மூன்றாவதாக ஒன்றையும் செய்தார்கள். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய நகரங்களில் அச்சான நூல்கள் பலவற்றின் இறுதியில் ரெஜிஸ்ட்ரம் என்ற தலைப்போடு ஒரு சிறு பட்டியல் காணப்படும். வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட பதிப்புகளிலும் அதைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் நூல்கள் பெரும்பாலும் கட்டடம் செய்யப்படாமல் தாள்களாகவே விற்பனையாயின. எந்த ஃபாரத்திற்குப் பின் எந்த ஃபாரம் என்று ஊர் தெரியாத ஒரு பைண்டருக்கு அச்சுக்கூடத்தார் எழுதி அனுப்பிய ஓலையே அப்பட்டியல். வாசகனுக்காக அன்றி, நூலைச் சேர்ப்பவனுக்காக நூலுக்குள்ளேயே எழுதப்பட்ட அந்த அரைப் பக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு கணிப்பொறிக் காலத்துக்கு வருவோம்.

1964-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் ஸால்ட்ஸர் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், டிப்ஸெட், ரன்ஆஃப் என்று இரண்டு நிரல்களை இயற்றினார். பலர் ஏக காலத்தில் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும்படி அங்கே அமைக்கப்பட்டிருந்த ஏற்பாட்டில், முதல் நிரல் எழுத்தைத் திருத்தவும், இரண்டாவது அதைப் பக்கமாக அமைத்துத் தட்டச்சில் வெளியேற்றவும் உதவின. சாதாரண எழுத்தின் நடுவே, வரியின் முதலில் ஒரு புள்ளியோடு தொடங்கும் சொல் வந்தால் அதை அச்சிடாமல் ஆணையாகக் கொள்ள வேண்டும் என்பது ரன்ஆஃப் நிரலின் சட்டம். இடைவெளி விடு, பக்கத்தை முடி என்பன போன்ற அந்த ஆணைகளுள் அப்பெண்ட் என்பதும் ஒன்று. அதன் அருகில் வேறொரு கோப்பின் பெயரை எழுதினால், இயந்திரம் அக்கோப்பின் முதல் வரியைத் தனக்கு அடுத்த வரியாகக் கொண்டு வாசிக்கத் தொடங்கும்.

இதன் இயல்பைச் சற்று ஆராய வேண்டும். முதற்கோப்பின் வாலில் இரண்டாம் கோப்பின் பெயரும், இரண்டாவதன் வாலில் மூன்றாவதன் பெயரும் எழுதப்பட, நூல் முழுவதும் ஒரு சங்கிலியாகிறது. ஒன்றன் இறுதி அடுத்ததன் தொடக்கத்தைச் சுட்டும் இந்த முறை, கணிப்பொறியில் தோன்றிய அந்தாதியே அன்றி வேறன்று. அந்தாதிக்குரிய பெருமையோடு அதற்குரிய தொல்லையும் இதற்கு உண்டு. இடையில் ஒரு புதிய அத்தியாயத்தைச் செருக விரும்புபவர் முந்திய அத்தியாயத்தின் வாலைத் திருத்தியாக வேண்டும். வரிசை முழுவதையும் ஓரிடத்தில் நோக்கி அறிய வழி இல்லை.

சில ஆண்டுகளில், ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டூவர்ட் மாட்னிக் என்பவர் இயற்றிய ஸ்கிரிப்ட் என்ற நிரலில், இம்பெட் என்னும் ஆணை வழங்கலாயிற்று. ஒரு கோப்பின் வயிற்றில் மற்றொரு கோப்பைப் பதித்துவிட்டு, அது முடிந்ததும் விட்ட இடத்திற்கே திரும்பி வரச் செய்வது அது. சிறிய மாறுதல் போலத் தோன்றும் இது உண்மையில் பெரியது. அந்தாதியில் போனவர் திரும்புவதில்லை. இங்கோ, புராணம் சொல்லுபவர் கிளைக்கதை ஒன்றைச் சொல்லி முடித்து மூலக்கதைக்கு மீள்வது போல, இயந்திரமும் மீளக் கற்றுக்கொண்டது. மீளத் தெரிந்தபின், தனக்கென்று ஒரு சொல்லும் இல்லாமல், மற்றக் கோப்புகளின் பெயர்களை மட்டும் வரிசையாகத் தாங்கிய ஒரு கோப்பைப் படைப்பது சாத்தியமாயிற்று. இத்தாலிய அச்சுக்கூடத்தின் ரெஜிஸ்ட்ரம் ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்குப் பின் மறுபிறவி எடுத்தது இவ்வாறுதான்.

இவ்விரண்டு வழிகளும் அருகருகே நின்ற இடம் பெல் ஆய்வுக்கூடம். யூனிக்ஸ் என்னும் இயக்குதளத்தைப் படைத்துக்கொண்டிருந்த கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் ஒரு புதிய இயந்திரம் வேண்டுமென்று நிர்வாகத்தாரைக் கேட்டபோது, எழுத்து வேலைக்கு உதவுவோம் என்ற வாக்கையே ஈடாகக் காட்டினார்கள். 1971-ஆம் ஆண்டின் பிற்பாதியில் அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று தட்டச்சர்கள், ரன்ஆஃப் பரம்பரையில் வந்த ராஃப் என்னும் நிரலைக் கொண்டு விண்ணப்பங்களைத் தயாரிக்கலானார்கள். அந்த இயந்திரத்தின் நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயக்குதளத்திற்கே போய்விட, பயன்படுத்துபவருக்கு எஞ்சியது 8. ஒரு கோப்பு 64 கிலோபைட்டுக்கு மேல் வளர முடியாது. சாதாரணத் தட்டச்சுப் பக்கங்களாகக் கணக்கிட்டால் முப்பது நாற்பது பக்கங்களுக்குள் ஒரு கோப்பு நிறைந்துவிடும். ஆகையால் பெரிய நூலைப் பல கோப்புகளாகப் பிரிப்பதென்பது ஆசிரியரின் சௌகரியத்திற்காக ஏற்பட்ட வழக்கம் என்று மட்டும் கொள்வதற்கில்லை. பனையோலையின் நீளம் எழுதுபவன் கையை அளந்தது போல, இயந்திரத்தின் வறுமையும் அளந்தது.

யூனிக்ஸின் முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தபோதே அதில் கேட் என்னும் சிறு ஆணை இடம் பெற்றிருந்தது. பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல் ஒலித்தாலும், தொடுத்தல் என்று பொருள்படும் நீண்ட சொல் ஒன்றின் சுருக்கம் அது. பெயர்களை வரிசையாகக் கொடுத்தால் கோப்புகளை அந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவதைத் தவிர வேறு ஒன்றும் அறியாத இந்த ஆணையில், வரிசை என்பது எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. ஆணை இடுபவர் விரல்நுனியில் அது இருக்கிறது, இட்டு முடித்ததும் மறைந்து போகிறது. பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சோம்பி, அத்தியாயம் என்று தொடங்கும் எல்லாவற்றையும் கொண்டுவா என்று பொதுப்படக் கூறினால், இயந்திரம் அகராதி வரிசையில் கொண்டுவரும். அகராதிக்கு எண்ணின் மதிப்புத் தெரியாது. எழுத்தின் முறைதான் தெரியும். ஆகவே அத்தியாயம் 1-க்குப் பின் அத்தியாயம் 10-உம், 11-உம் வந்து நின்று, அவற்றிற்கெல்லாம் பின்னர் அத்தியாயம் 2 தலைகாட்டும். கோப்புக்குப் பெயரிடுகையில் 01, 02 என்று முன்னால் ஒரு பூச்சியத்தை இட்டு வைக்கும் வழக்கம் இந்த அனுபவத்தில் விளைந்தது.

அதே ஆய்வுக்கூடத்தில் ஜோ ஒஸ்ஸன்னா, ராஃப் நிரலை விரிவாக்கி என்ராஃப் என்றும், 1973 வாக்கில் ஒளியச்சுக் கோப்பு இயந்திரம் ஒன்றுக்காக டிராஃப் என்றும் இயற்றினார். அவ்வியந்திரத்தின் பெயரும் கேட் என்றே அமைந்தது தற்செயல். ஒஸ்ஸன்னாவின் நிரல்களில் புள்ளியோடு கூடிய இரண்டெழுத்து ஆணைகளாக இரண்டு முறைகளும் இடம் பெற்றன: என்எக்ஸ் என்றால் இக்கோப்பு முடிந்தது, அடுத்ததற்குப் போ, திரும்பாதே என்று பொருள், எஸ்ஓ என்றால் போய் வா என்று பொருள். வழக்கில் வென்றது போய் வருவதே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வென்ற முறையிலும் ஒரு குறை வெளிப்பட்டது. கணித வாய்பாடுகளை அமைப்பதற்குப் பிரையன் கெர்னிஹானும் லொரிண்டா செர்ரியும் இயற்றிய ஈக்யூஎன் என்ற நிரலும், அட்டவணைகளுக்காக மைக் லெஸ்க் இயற்றிய டிபிஎல் என்ற நிரலும், டிராஃப் கைக்கு எழுத்துப் போகுமுன் அதை வாங்கிப் பண்படுத்தி அனுப்புபவை. எஸ்ஓ என்ற ஆணைக்கு உட்பொருள் அறிந்தவர் டிராஃப் ஒருவரே. முன்னால் நிற்பவர்கள் அதைப் பார்த்தும் பாராதவர்போல் விட்டுவிட, உள்ளே வரவழைக்கப்பட்ட அத்தியாயத்தின் அட்டவணைகள் பண்படாமலே பக்கத்தில் சிதறின. இதற்குப் பரிகாரமாக, கலிஃபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்கிலி நிலையத்தில் பில் ஜாய் என்பவர் எஸ்ஓஎலிம் என்று ஒரு நிரலை எழுதினார். எல்லாருக்கும் முன்னால் நின்றுகொண்டு, எஸ்ஓ என்ற ஆணை காணும் இடமெல்லாம் அதை நீக்கி, அது குறித்த கோப்பின் எழுத்தையே அவ்விடத்தில் இட்டு நிரப்புவது ஒன்றே அதன் தொழில். சேர்க்க வேண்டும் என்பது மட்டும் போதாது, எப்போது சேர்க்க வேண்டும் என்பதும் தீர்மானிக்கப்பட வேண்டும் என்ற பாடத்தை இந்தத் துறை அப்போது கற்றது. இன்றுவரை அதை மறந்து மறந்து மீண்டும் கற்கிறது.

1977 மார்ச் மாதத்தில், ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் டொனால்ட் குநூத், தம் பெருநூலின் இரண்டாம் பாகத்து மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைக் கண்டு மனம் வெதும்பி, எழுத்தை அழகுற அமைக்கும் நிரலொன்றைத் தாமே இயற்றப் புகுந்த கதை பலரும் அறிந்தது. டெக் எனப்படும் அந்த நிரலில் கோப்பை உள்ளே கொணரும் ஆணைக்கு இன்புட் என்று பெயர். கிளைக்குள் கிளையாகச் செல்வதற்கும் அவர் ஓர் எல்லை வகுத்தார். மூல நிரலில் ஒரே சமயத்தில் திறந்து நிற்கக்கூடிய வாசிப்புக் கோப்புகளின் அளவு 6 என்று இருக்கிறது. சுவையான செய்தி என்னவென்றால், டெக் நிரலை விளக்கும் தம் நூலைக் குநூத் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்கவில்லை; வடிவமைப்பு விதிகள் அடங்கிய ஒரு கோப்பைத் தொடக்கத்தில் அழைத்துக்கொண்டு, நூல் முழுவதையும் ஒரே பெருங்கோப்பாகவே எழுதினார். பிரிக்கும் கருவியைப் படைத்தவருக்கே பிரிக்கத் தேவை ஏற்படவில்லை போலும்!

பிரிப்பதன் தத்துவத்தை அடிவரை சென்று கண்டவர் லெஸ்லி லாம்போர்ட். டெக்கின் மேல் அவர் கட்டி எழுப்பி, 1986-ஆம் ஆண்டில் நூலெழுதி விளக்கிய லேடெக் என்னும் அமைப்பில், இன்க்ளூட் என்றும் இன்க்ளூட்ஒன்லி என்றும் இரண்டு ஆணைகள் சேர்ந்து இயங்குகின்றன. அந்நாளைய கணிப்பொறியில் பெருநூல் ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை அமைத்துப் பார்க்க நெடுநேரம் பிடிக்கும். ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியவர் நூல் முழுவதற்குமாகக் காத்திருக்க நேரும். ஐந்தாவதை மட்டும் தனியே எடுத்து அமைத்தாலோ, அது முதற்பக்கத்தில் தொடங்கும்; இரண்டாம் அத்தியாயத்தைச் சுட்டும் இடங்களில் எல்லாம் கேள்விக்குறிகள் நிற்கும். லாம்போர்ட் செய்த ஏற்பாட்டின்படி, இன்க்ளூட் ஆணையால் வரும் ஒவ்வோர் அத்தியாயமும் தன் பக்க எண், பகுதி எண், பிறர் தன்னைச் சுட்ட உதவும் அடையாளங்கள் ஆகியவற்றை ஒரு துணைக்கோப்பில் குறித்து வைக்கும். பின்னர், ஐந்தாவது மட்டும் வந்தால் போதும் என்று இன்க்ளூட்ஒன்லி ஆணையால் கூறும்போது, மற்ற அத்தியாயங்கள் வாராவிட்டாலும் அவற்றின் துணைக்கோப்புகள் வாசிக்கப்படும். ஆதலால் ஐந்தாவது அத்தியாயம் தனக்குரிய 121-ஆம் பக்கத்திலேயே தொடங்கி, இல்லாத இரண்டாவதைச் சரியாகவே சுட்டி நிற்கும். பந்தியில் உட்காராத உறவினருக்கும் இலை போட்டு இடம் விட்டு வைப்பது போன்றது இது. இதற்கு ஈடாக ஆசிரியர் கொடுக்க வேண்டியவை இரண்டு: இவ்வாறு வரும் கோப்பு எப்போதும் புதுப்பக்கத்தில்தான் தொடங்கும், ஒன்றினுள் மற்றொன்றை இன்க்ளூட் செய்யவும் இயலாது.

இதே காலத்தில் வேறொரு மரபும் வளர்ந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர் 1969-இல் தொடங்கிய முயற்சி, 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்ற சர்வதேசத் தர நிர்ணயமாக முற்றியது. அங்கே கோப்பைச் சேர்ப்பது ஆணையன்று, பிரகடனம். நூலின் தலைப்பகுதியில், இன்ன பெயர் இன்ன கோப்பைக் குறிக்கும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, உரிய இடத்தில் அப்பெயரை மட்டும் எழுத வேண்டும். நாடக நூலின் முகப்பில் பாத்திரங்களை வரிசைப்படுத்துவதைப் போன்ற இந்த ஒழுங்கு பெரிய நிறுவனங்களின் கையேடுகளுக்குப் பொருந்தியது. தனியாக உட்கார்ந்து எழுதும் மனிதனுக்கு அது கனமான கவசமாகவே இருந்தது.

அந்தத் தனிமனிதனுக்காக 2004-ஆம் ஆண்டில் ஜான் க்ரூபர், ஏரன் ஸ்வார்ட்ஸின் உதவியோடு, மார்க்டவுன் என்ற எளிய குறிமுறையை வெளியிட்டார். தலைப்புக்கு ஒரு குறி, அழுத்தத்திற்கு ஓர் உடுக்குறி என்ற அளவில் அமைந்த அந்த முறையில் பலவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். விடப்பட்டவற்றுள் ஒரு கோப்பில் மற்றொரு கோப்பைச் சேர்க்கும் குறியும் ஒன்று. ஓர் இணையப் பக்கத்து அளவில் எழுதுவோருக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆனால் எளியது என்று கருதி அதிலேயே ஆராய்ச்சி நூல்களையும் நாவல்களையும் எழுதத் தலைப்பட்டவர்கள் பழைய வினாவின் முன் மீண்டும் வந்து நின்றார்கள். பெர்க்கிலியில் தத்துவப் பேராசிரியராக விளங்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்ட பாண்டாக் என்னும் நிரல் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஒரு குறிமுறையிலிருந்து மற்றொன்றுக்கு நூலை மாற்றித் தரும் அந்நிரலிடம் பல கோப்புகளைக் கொடுத்தால், கொடுத்த வரிசையில் அவற்றைத் தொடுத்து, ஒவ்வோர் இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றுவரியையும் இட்டுக்கொள்ளும்.

அந்த வெற்றுவரி அற்பமானதன்று. ஒரு கோப்பின் கடைசி வரி உரிய முறையில் முடிக்கப்படாதிருந்தால், அடுத்த கோப்பின் தலைப்பு முந்திய பத்தியின் வாலில் ஒட்டிக்கொண்டு, தலைப்பாகாமல் வாக்கியத்தின் எச்சமாகிவிடும். துணியைத் தைப்பவன் தையலுக்கென்று ஓர் அங்குலம் விட்டு வெட்டுவது போல, எழுத்தைத் தைப்பவனும் வெற்றிடம் விட வேண்டியிருக்கிறது. தையலில் விழும் சுருக்கங்கள் வேறு பலவும் உண்டு. ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனி உலகமாகக் கருதி எழுதியவர் எல்லாவற்றிலும் முதல் அடிக்குறிப்பை 1 என்றே குறித்திருப்பார். சேர்த்தபின் இருபது முதல் அடிக்குறிப்புகள் ஒன்றோடொன்று மோதும். கோப்புகளை ஒட்டுமுன் தனித்தனியே வாசித்துப் பொருள் கொள்ளும்படி பாண்டாக் நிரலுக்குக் கூற வழி இருப்பது இதன்பொருட்டே. தனிக் கட்டுரையாக இருந்தபோது முதல்நிலைத் தலைப்பாக விளங்கியது, பெருநூலின் உறுப்பாகும்போது இரண்டாம் நிலைக்கு இறங்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரத்து வானியல் அறிஞர் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கிய ஆர்க் முறையிலும், ஸ்டூவர்ட் ராக்கம் 2002-இல் வெளியிட்ட ஆஸ்கிடாக் முறையிலும், கோப்பைச் சேர்க்கும் வரியிலேயே இதை இத்தனை நிலை கீழே இறக்கு என்று எழுதிவிடலாம். படங்கள் வேறொரு தொல்லை. அத்தியாயக் கோப்பு தன் கோப்புறையிலிருந்த படத்தை, பக்கத்து வீட்டைச் சொல்வது போல, அருகில் உள்ளது என்று மட்டும் குறித்திருக்கும். தலைமைக் கோப்பு வேறு கோப்புறையில் இருந்துகொண்டு அதை அழைத்தால், அருகில் என்ற சொல் வேறு தெருவைக் குறித்துவிடும்.

இந்த வரலாற்றில் தமிழுக்கு என்று தனியே நேர்ந்த சங்கடம் ஒன்று உண்டு. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த ரசாயன அறிஞர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் அந்தத் தொண்டில் பல நாட்டுத் தமிழர்களும் தத்தம் வீட்டிலிருந்தே பகுதி பகுதியாக உள்ளிட்டு அனுப்ப, பெருநூல்கள் பல கோப்புகளாகவே வெளிவந்தன. அக்காலத்தில் தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறியில் குறிக்கும் முறை ஒன்றன்று. மயிலை என்றும் திஸ்கி என்றும், 1999-இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டின் பயனாகத் தாம், தாப் என்றும் குறியேற்றங்கள் பல வழங்கின. யூனிகோடு வேறு வளர்ந்து வந்தது. கெ என்பதைத் திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பை முன்னும் ககரத்தைப் பின்னுமாகச் சேமிக்கும். யூனிகோடு உச்சரிக்கும் வரிசையில், ககரத்தை முதலில் வைத்துச் சேமிக்கும். இவ்விரு முறைகளில் அமைந்த இரண்டு அத்தியாயங்களை ஒட்டும் நிரல், தன் கடமையைக் குறைவறச் செய்து, ஒரு குறையும் சொல்லாமல் ஒரே கோப்பாகத் தந்துவிடும். பாதி நூல் தமிழாகவும் மறுபாதி விளங்காத குறிகளாகவும் நிற்கும். யூனிகோடே வெற்றி பெற்ற பின்னும் ஒரு சூக்ஷ்மம் மிஞ்சியது. சில எழுதுகருவிகள் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குப் புலனாகாத மூன்று பைட் அடையாளம் ஒன்றை இட்டுவிடும். தனிக்கோப்பில் அது தீங்கற்றது. வெறுமனே ஒட்டும்போது அதுவும் நூலின் நடுவே வந்து தலைப்புக்குறிக்கு முன்னால் ஒளிந்துகொள்ள, வரியின் முதலில் குறியைத் தேடும் இயந்திரம் அதைக் காணாமல் தலைப்பைச் சாதாரணப் பத்தியாக்கிவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். காரணம் தேடுபவருக்குத் தூக்கம் போகும்.

இத்தனை சிரமங்களுக்கும் இடையே, 60 ஆண்டுகளின் போக்கு ஒரு திசையையே நோக்கியிருக்கக் காண்கிறோம். ஆதியில் வரிசை ஒவ்வொரு கோப்பின் வாலிலும் சிதறிக் கிடந்தது. பின்பு ஆணையிடுபவர் விரலில் இருந்தது. கோப்பின் பெயரில் பூச்சியமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இறுதியில், வரிசையைத் தவிர வேறொன்றும் சொல்லாத ஒரு தனிக்கோப்பில் வந்து குடிகொண்டது. பைதான் மொழியின் ஆவணங்களுக்காக கேயோர்க் பிராண்டில் 2008-இல் வெளியிட்ட ஸ்ஃபிங்க்ஸ் என்னும் நிரலில், கோப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதும் பட்டியலே நூலின் பொருளடக்கமாகவும் ஆகிவிடுகிறது. பைண்டருக்கு எழுதிய ஓலையும் வாசகனுக்கு எழுதிய பொருளடக்கமும் அங்கே ஒன்றாயின.

கடைசியாக ஒன்று. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நூலை மின்னூலாக ஏற்றுமதி செய்யும்போது நடப்பது என்ன? 2007-இல் தரம் நிர்ணயிக்கப்பட்ட ஈபப் என்னும் மின்னூல், வெளிப்பார்வைக்கு ஒரே கோப்பாகத் தோன்றினும், உள்ளே பல கோப்புகளை அடக்கிய பொட்டலமே. பாண்டாக் நிரல் எல்லா அத்தியாயங்களையும் ஒன்றாகத் தொடுத்து, அடிக்குறிப்புகளையும் சுட்டுகளையும் சரிசெய்து, பின்னர் அத்தியாய எல்லைகளில் மறுபடியும் தனித்தனிக் கோப்புகளாக வெட்டியே அப்பொட்டலத்தில் இடுகிறது. பிரித்து எழுதியதைச் சேர்த்து, சேர்த்ததைப் பிரித்து அனுப்புகிறோம். நடுவில் செய்த உழைப்பெல்லாம் வீண் என்று எண்ண வேண்டாம். அப்பொட்டலத்தினுள் எந்தக் கோப்புக்குப் பின் எந்தக் கோப்பு என்று கூறும் ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. முதுகெலும்பு என்று பொருள்படும் ஸ்பைன் என்பது அதன் பெயர். ரயிலில் கைப்பேசியைத் தள்ளித் தள்ளி நாவல் படிப்பவர் அதை ஒருநாளும் காணார். அதில் இரண்டு வரிகள் இடம் மாறிவிட்டால் மட்டும், இறந்துபோன பாத்திரம் அடுத்த அத்தியாயத்தில் கல்யாணப் பந்தலில் வந்து உட்காரும். அப்போது அவர், கயிறறுந்த சுவடியைக் கையில் பிடித்த பதிப்பாசிரியர் போல, எது முன் எது பின் என்று தேடிப் புரட்டுவார்.